வாத்து சுடத் தெரியாத வேட்டைக்காரர்... அமெரிக்க டாலரின் தலையெழுத்தை மாற்றிய பால் வார்பர்க்!

1910, நவம்பர் மாதத்து ராத்திரி. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹோபோகன் ரயில் நிலையம். ரயிலின் கடைசியில் ஒரு தனியார் பெட்டி, ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருக்கிறது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக சில பேர் வந்து ஏறுகிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த மாதிரிகூட காட்டிக்கொள்ளவில்லை. கேட்டால் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தீவு, அங்கே வாத்து வேட்டைக்குப் போகிறோம் என்று பதில் தயாராக இருக்கிறது.

அவர்களில் ஒருத்தர் மட்டும் அந்த வேஷத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை, சோகமான கண்கள், ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலம். கையில் இரவல் துப்பாக்கி. வாழ்க்கையில் ஒரு வாத்தைக்கூட சுடாத மனிதர். பெயர், பால் வார்பர்க்.

'அஞ்சாறு பணக்காரங்க ஒரு ரகசியத் தீவுல உக்காந்து உலகத்தோட பணத்தையே கைப்பத்திட்டாங்க' என்ற வகையறா வீடியோ ஒன்று உங்கள் போனுக்கும் எப்போதாவது வந்திருக்கும். அந்தத் தீவு இதுதான். அதில் வில்லனாகக் காட்டப்படுகிறவர் பெரும்பாலும் இந்த வார்பர்க்தான். ரகசியக் கூட்டம் நடந்தது நிஜம். ஆனால், அந்த வீடியோக்கள் சொல்லாத பாதிக் கதை ஒன்று இருக்கிறது. அது ஒரு மனிதரின் வாழ்க்கை. கேளுங்கள்.

தம்பிக்கே சித்தப்பா ஆனவர்

1868 ஆகஸ்ட் 10. ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார் பால். 1798-ல் தொடங்கிய 'எம்.எம்.வார்பர்க்' வங்கி அவர்கள் குடும்பச் சொத்து. அண்ணன் தம்பிகள் மொத்தம் ஐந்து பேர். மூத்தவர் ஆபிக்கு வங்கியில் துளியும் ஆர்வமில்லை. 13 வயதில் அவர், தன் மூத்த பிள்ளை உரிமையை அடுத்த தம்பி மாக்ஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாராம். பதிலுக்கு ஒரே கண்டிஷன், ஆயுசு முழுக்க தான் கேட்கும் புத்தகங்களையெல்லாம் மாக்ஸ் வாங்கித்தர வேண்டும். அந்தக் குடும்பத்தில் காலம்காலமாகச் சொல்லப்படும் கதை இது. ஆபி பின்னாளில் பெரிய கலை வரலாற்று அறிஞர் ஆனார். மாக்ஸ் வங்கியைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது பிள்ளையான பால், கூச்ச சுபாவம் உள்ளவர். லண்டனிலும் பாரிஸிலும் வங்கிகளில் தொழில் கற்றுக்கொண்டு திரும்பி, குடும்ப வங்கியில் பங்குதாரர் ஆனார். அவருடைய பாதையை மாற்றியது ஒரு கல்யாண வீடு. 1895-ல் தம்பி ஃபெலிக்ஸுக்கு நியூயார்க்கில் கல்யாணம். பெண், 'கூன் லோப்' என்ற பெரிய வங்கியை நடத்திய ஜேக்கப் ஷிஃபின் மகள் ஃப்ரீடா. அந்தக் கல்யாணத்தில் பால் சந்தித்த பெண் நினா. அதே வருஷம் அவரையே மணந்தார். நினா யார் தெரியுமா? மணப்பெண் ஃப்ரீடாவின் அம்மாவுக்குத் தங்கை முறை. அதாவது, தம்பி மனைவிக்குச் சித்தி. ஒரே வருஷத்தில் தன் சொந்தத் தம்பிக்கே சித்தப்பா முறையாகிவிட்டார் பால்!

1902-ல் நினாவோடும் இரண்டு குழந்தைகளோடும் நியூயார்க்கிலேயே குடியேறி, கூன் லோப் வங்கியில் பங்குதாரர் ஆனார்.

பணக்கார நாடு... பஞ்சத்தில் பணம்!

நியூயார்க் அவருக்கு ஆச்சர்யம் தரவில்லை, அதிர்ச்சிதான் தந்தது. இவ்வளவு பெரிய தொழில் வளம் உள்ள நாட்டில், பணம் புழங்கும் முறை மட்டும் ஐரோப்பா எப்போதோ கைவிட்ட பழைய முறையாக இருந்தது.

கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். அன்றைக்கு அமெரிக்காவில் மத்திய வங்கியே கிடையாது. அதற்கு முன் இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் இழுத்து மூடிவிட்டார்கள். 1832-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன், இரண்டாவது வங்கிக்கு உரிமம் நீட்டிக்கும் மசோதாவை நிராகரித்தார். 1836-ல் அந்த வங்கியின் உரிமம் முடிந்தது. அதற்குப் பிறகு 'மத்திய வங்கி' என்ற வார்த்தையே அமெரிக்க அரசியலில் கெட்ட வார்த்தை.

நாடு முழுக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வங்கிகள். அவற்றில் தேசிய வங்கிகள் நோட்டு அச்சடிக்கலாம். ஆனால், அரசாங்கக் கடன் பத்திரம் எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான். ஊரில் பணத் தேவை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதற்கும் நோட்டு எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

இதனால் ஒவ்வொரு வருஷமும் அறுவடைக் காலம் வந்தால் தலைவலி. கோதுமைக்கும் பருத்திக்கும் பணம் கொடுக்க, கிராமத்து வங்கிகள் நியூயார்க் வங்கிகளில் போட்டுவைத்த தொகையைத் திரும்பக் கேட்கும். நியூயார்க் வங்கிகளோ அதைப் பங்குச்சந்தைக்காரர்களுக்கு வட்டிக்கு விட்டிருக்கும். உடனே அந்தக் கடன்களைத் திருப்பிக் கேட்பார்கள். வட்டி எகிறும், பங்கு விலை சரியும்.

வார்பர்க் பார்த்த கோளாறு இதுதான். ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடம் தண்ணீர் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கோடியில் ஒரு வீடு தீப்பிடித்தால் என்ன ஆகும்? யாரும் தன் குடத்தைத் தரமாட்டார்கள். அடுத்து நம் வீடு பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். மொத்தத்தில் தெருவில் நிறைய தண்ணீர் இருக்கும், தீயும் எரிந்துகொண்டே இருக்கும். அத்தனை குடத்தையும் ஒரு பொதுத் தொட்டியில் ஊற்றிவைத்தால்? எங்கே தீப்பிடித்தாலும் அணைக்கலாம். இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் மத்திய வங்கிதான் அந்தத் தொட்டி.

இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதினார். ஆனால், வெளியிடவில்லை. வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இங்கிலீஷும் தடுமாறுகிறது, நேற்று வந்த ஒரு வெளிநாட்டுக்காரன் இந்த ஊருக்குப் பாடம் எடுப்பதா என்ற தயக்கம். மத்திய வங்கி என்ற பேச்சை அமெரிக்கர்கள் ஏற்க மாட்டார்கள் என்று ஷிஃபும் எச்சரித்தார். கட்டுரை மேஜை டிராயருக்குள் போனது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

கடைசியில் 1907 ஜனவரியில், அமெரிக்க வங்கி முறையின் குறைகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் வெளியானது. பத்து மாதம்கூட ஆகவில்லை. தீ பிடித்தது.

கதவைப் பூட்டிய கிழவர்

1907 அக்டோபர். ஒரு தாமிரக் கம்பெனியின் பங்குகளை மொத்தமாக வளைத்துப்போட நடந்த சூதாட்டம் படுதோல்வி. அதோடு தொடர்புள்ள வங்கிகள்மீது சந்தேகம் பரவியது. அக்டோபர் 22-ம் தேதி நியூயார்க்கின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான நிக்கர்பாக்கர் டிரஸ்ட் வாசலில் கூட்டம். சில மணி நேரத்தில் சுமார் 80 லட்சம் டாலரை எண்ணிக் கொடுத்துவிட்டு, மதியத்துக்குள் கதவைச் சாத்தியது. மற்ற இடங்களிலும் வரிசை நின்றது. பல ஊர்களில் ரொக்கமே இல்லாமல், சம்பளத்தைத் துண்டுச்சீட்டுகளில் கொடுத்தார்கள்.

மத்திய வங்கி இல்லாத நாட்டை யார் காப்பாற்றுவது? 70 வயது ஜே.பி.மார்கன்தான் களத்தில் இறங்கினார். தன் வீட்டு நூலகத்துக்கு வங்கித் தலைவர்களை வரவழைத்து, கதவைப் பூட்டி சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தடுமாறும் நிறுவனங்களுக்கு 2.5 கோடி டாலர் கடன் தர எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான், விடியற்காலையில் கதவு திறந்தது.

அந்தச் சமயம் எல்லோருக்கும் இரண்டு கேள்விகள் வந்தன. அடுத்த முறை மார்கன் உயிரோடு இல்லாவிட்டால்? அதைவிடப் பெரிய கேள்வி, ஒரு நாட்டின் பணம் ஒரு தனி மனிதரின் சட்டைப்பையில் உள்ள சாவியை நம்பியா இருப்பது?

தீவில் நடந்தது என்ன?

அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. தலைவர், செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச். ஐரோப்பாவுக்குப் போய் மத்திய வங்கிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், வார்பர்க் சொன்னதன் பக்கம் சாய்ந்தார். ஆனால், ஆல்ட்ரிச்சுக்கு ஒரு பெரிய சிக்கல். அவர் மகளைக் கட்டியவர் ராக்ஃபெல்லரின் மகன். வால் ஸ்ட்ரீட்டின் ஆள் என்று ஊரே சொல்லும். அவர் வங்கிக்காரர்களோடு உட்கார்ந்து சட்டம் எழுதினார் என்று தெரிந்தால் மசோதா அன்றைக்கே செத்துவிடும்.

அதற்காகத்தான் அந்த வாத்து வேட்டை நாடகம். ஜெகில் தீவுக்குப் போனவர்கள் ஆறு பேர். ஆல்ட்ரிச், அவருடைய செயலாளர், நிதித் துறையின் உதவிச் செயலர் பியட் ஆண்ட்ரூ, மார்கன் வங்கியின் ஹென்றி டேவிசன், நேஷனல் சிட்டி பேங்க் தலைவர் ஃபிராங்க் வாண்டர்லிப், அப்புறம் நம்ம வார்பர்க். வேலைக்காரர்களுக்குக்கூட தெரியக் கூடாதென்று குடும்பப் பெயரைச் சொல்லாமல் முதல் பெயரால் மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் விவாதம். வெளியே வரும்போது கையில் ஒரு திட்டம் இருந்தது. 1911 ஜனவரியில் அது 'ஆல்ட்ரிச் திட்டம்' என்ற பெயரில் வெளியானது.

இப்போது அந்த வீடியோக்கள் சொல்லாத பகுதிக்கு வருவோம். அந்தத் திட்டம் சட்டமாகவே இல்லை!

அதில், பொதுத் தொட்டியின் கட்டுப்பாடு பெரும்பாலும் வங்கிக்காரர்கள் கையிலேயே இருந்தது. மக்கள் கொதித்தார்கள். மின்னசோட்டா மாநிலத்திலிருந்து வந்த காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் லிண்ட்பெர்க், ஒரு சின்னக் கும்பல் நாட்டின் பணத்தையே கையில் வைத்திருக்கிறது, அதை விசாரிக்க வேண்டும் என்று போராடினார். பின்னாளில் அட்லான்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க்கின் அப்பா இவர். நாடாளுமன்ற விசாரணையும் நடந்தது. 1912 டிசம்பரில் மார்கனே வந்து சாட்சி சொன்னார். அந்த வருஷத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஆல்ட்ரிச் திட்டத்தை எதிர்ப்பதாகவே அறிக்கை வெளியிட்டு, வெற்றியும் பெற்றது. உட்ரோ வில்சன் ஜனாதிபதி ஆனார்.

வங்கிகள் திவாலாகும்போதெல்லாம் சேமிப்பை இழந்தது விவசாயிகளும் கூலிக்காரர்களும்தான். அவர்களுடைய சந்தேகத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது.

பாதி வெற்றி

வில்சன் ஆட்சியில் காங்கிரஸ் உறுப்பினர் கார்ட்டர் கிளாஸ் புது மசோதா தயாரித்தார். மேற்பார்வைக் குழுவில் வங்கிக்காரர்களுக்கும் இடம் தரலாம் என்று கிளாஸ் நினைத்தார். வில்சன் மறுத்துவிட்டார். கண்காணிக்கப்படுகிறவர்களே கண்காணிப்பாளர்களாக இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பணக்காரக் கிழக்குக்கு எதிராக ஏழை விவசாயிகளின் குரலாக மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். நோட்டுக்குப் பொறுப்பு அரசாங்கம்தான் ஏற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், ஜெயித்தார்.

1913 டிசம்பர் 23. செனட்டில் 43-க்கு 25 என்ற கணக்கில் நிறைவேறி, அன்றைக்கே வில்சன் கையெழுத்துப் போட்டார். ஃபெடரல் ரிசர்வ் பிறந்தது. ஒரே வங்கியாக இல்லாமல் 12 ஊர்களில் 12 வங்கிகள், மேலே வாஷிங்டனில் அரசு நியமிக்கும் குழு.

வார்பர்க்குக்குப் பாதி சந்தோஷம், பாதி கவலை. பொதுத் தொட்டி கிடைத்துவிட்டது. ஆனால், ஒரு தொட்டியை 12 துண்டாக்கினால் ஆபத்து நேரத்தில் யார் முடிவெடுப்பது என்று கேட்டார். எண்ணிக்கை ரொம்பக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தக் கவலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

பிறந்தநாளில் பதவி... நாலு வருஷத்தில் வெளியே

முதல் குழுவுக்கு வில்சன் தேர்ந்தெடுத்தவர்களில் வார்பர்க்கும் ஒருத்தர். ஆச்சர்யம் இல்லை, இந்த விஷயத்தில் அவரைவிட விவரம் தெரிந்தவர் நாட்டில் அதிகம் பேர் கிடையாது. சம்பளம் வருஷத்துக்கு 12,000 டாலர். கூன் லோப் வங்கியில் அவர் சம்பாதித்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும், நியூயார்க், ஹாம்பர்க் என இரண்டு வங்கிகளின் பங்கையும் விட்டுவிட்டு வரச் சம்மதித்தார்.

செனட் கமிட்டியோ அவரை நேரில் வரச் சொன்னது. வால் ஸ்ட்ரீட் ஆளை எப்படி நம்புவது என்ற கேள்வி. மனம் நொந்துபோய், என் பெயரை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று வில்சனிடம் கேட்டுக்கொண்டார். வில்சன் சமாதானப்படுத்திய பிறகு கமிட்டி முன் போய் உட்கார்ந்து பதில் சொன்னார். செனட் ஒப்புக்கொண்டது. 1914 ஆகஸ்ட் 10-ம் தேதி பதவிப் பிரமாணம். அன்றைக்கு அவருக்கு 46-வது பிறந்தநாள்.

ஆனால், அதற்குச் சில நாள்கள் முன்புதான் ஐரோப்பாவில் உலகப்போர் வெடித்திருந்தது. 1917-ல் அமெரிக்காவும் ஜெர்மனிக்கு எதிராகக் களமிறங்கியது. 1911-லேயே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார் பால். மகன் ஜேம்ஸ் அமெரிக்கக் கடற்படையில் விமானி. அதே சமயம், அண்ணன் மாக்ஸ் ஜெர்மனியில் அரசாங்கத்துக்கு நெருக்கமான வங்கிக்காரர். பின்னாளில் 1919-ல் பாரிஸ் சமாதானப் பேச்சுக்கு வந்த ஜெர்மன் குழுவிலும் இருந்தார். ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, எதிர்ப்பக்கம் கூடப் பிறந்த அண்ணன்.

1918 ஆகஸ்ட்டில் அவர் பதவிக்காலம் முடிகிறது. அதற்கு முன்பே மே மாதம் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மனியில் பிறந்த, சகோதரர்கள் ஜெர்மனியில் இருக்கிற ஒருவர் இந்தப் பொறுப்பில் தொடர்வது பிரச்னை ஆகும் என்றால், ஒதுங்கிக்கொள்ளத் தயார் என்றார். உள்ளுக்குள் எதை எதிர்பார்த்து எழுதியிருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம். வேண்டாம், இருங்கள் என்ற ஒரு வார்த்தைதான். வில்சனிடமிருந்து மாதக்கணக்கில் பதிலே இல்லை. பதவிக்காலம் முடிகிற ஆகஸ்ட் 9-ம் தேதிதான் பதில் எழுதினார். மரியாதையான கடிதம், விலகலை ஏற்றுக்கொண்ட கடிதம். மறுநாள் வார்பர்க்குக்கு 50 வயது நிறைந்தது. தான் கட்டச் சொன்ன வீட்டிலிருந்து, பிறந்த ஊரின் பெயரால் வெளியே வந்தார்.

யாரும் கேட்காத எச்சரிக்கை

அதன் பிறகு சொந்தமாக ஒரு வங்கி நடத்தினார். 1920-களில் அமெரிக்காவே பங்குச்சந்தைப் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள். 1929 மார்ச்சில், தன் வங்கியின் ஆண்டறிக்கையில் வார்பர்க் வெளிப்படையாக எச்சரித்தார். ஃபெடரல் ரிசர்வ் கடிவாளத்தை விட்டுவிட்டது, இந்தச் சூதாட்டத்தை நிறுத்தாவிட்டால் சந்தை விழும், அது சூதாடியவர்களோடு நிற்காது, நாடு முழுக்க மந்தநிலையில் தள்ளும் என்றார். பதிலுக்குக் கிடைத்தது ஏச்சு. நாட்டின் வளர்ச்சி பொறுக்காதவர் என்றார்கள். சந்தை செப்டம்பர் வரை ஏறிக்கொண்டே போனது. அக்டோபரில் சரிந்தது.

1932 ஜனவரி 24-ம் தேதி, 63 வயதில் நியூயார்க்கில் நிமோனியாவால் இறந்தார். சரிவின் அடிமட்டத்தை அவர் பார்க்கவில்லை. 1930-லிருந்து 1933-க்குள் சுமார் 9,000 வங்கிகள் மூழ்கின. அவற்றில் பெரும்பாலானவை ஃபெடரல் ரிசர்வில் சேராத சின்ன வங்கிகள், அதாவது பொதுத் தொட்டியில் குழாய் இல்லாத வீடுகள். 12 வங்கிகளும் வாஷிங்டன் குழுவும் ஆளுக்கொரு திசையில் இழுத்தன. வார்பர்க் 1913-ல் பயந்தது நடந்துவிட்டது. 1935-ல்தான் சட்டத்தைத் திருத்தி, வாஷிங்டன் குழுவுக்கு உறுதியான அதிகாரம் கொடுத்தார்கள்.

அந்த வீடியோவுக்குத் திரும்புவோம்

வார்பர்க்குக்கு நடந்த விநோதம் இதுதான். சட்டத்தை நிறைவேற்றிய கார்ட்டர் கிளாஸ், 1927-ல் எழுதிய புத்தகத்தில் ஆல்ட்ரிச் திட்டத்துக்கும் தன் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி எழுதினார். வார்பர்க் 1930-ல் இரண்டு பாகங்களில் பதில் புத்தகம் வெளியிட்டார். இரண்டு சட்ட வாசகங்களையும் பக்கத்துப் பக்கத்து பத்தியில் அச்சடித்து, நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்று வைத்தார். அந்தப் புத்தகத்தில்கூட ஜெகில் தீவில் நடந்ததை விவரமாகச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டாராம்!

ஆக, சட்டம் போட்டவர்கள் அவருக்கு அதில் பங்கே இல்லை என்றார்கள். வெறுத்தவர்கள் எல்லாமே அவர் சதிதான் என்றார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் யூதர் என்பதும் ஜெர்மன்காரர் என்பதும் அந்தக் கதைக்கு வசதியாகப் போய்விட்டது. அதே மாதிரிக் கதைகளைப் பரப்பிய நாஜிகள் 1938-ல் ஹாம்பர்க்கின் வார்பர்க் வங்கியை அந்தக் குடும்பத்திடமிருந்து பறித்தார்கள். மாக்ஸ் நாட்டை விட்டே வெளியேறினார்.

ஜெகில் தீவு ஒரு தப்பு என்று சொல்லலாம், நியாயம்தான். நல்ல யோசனையை ஒளித்துவைத்துச் சொன்னால், அது நல்லது என்று நிரூபிக்கவே ஒரு ஆயுசு போதாது. அந்த விலையைக் கொடுத்தவர் வார்பர்க். ஆனால், தீவில் எழுதிய திட்டம் அப்படியே சட்டமாகாமல் மூன்று வருஷம் சண்டை போட்டு, அரசாங்கக் கண்காணிப்பையும் சேர்த்து வாங்கியது, சந்தேகப்பட்ட சாதாரண மக்களும் அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களும்தான். அந்த வீடியோ அடுத்த முறை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால், மீதிப் பாதிக் கதையை நீங்கள் சொல்லுங்கள்.